யார் பிடித்திருக்கிறார், யார் காத்திருக்கிறார்

கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டையில் வேளாண்மை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் முறை என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. கல்லோயாத் தண்ணீர் வாய்க்காலில் வரும். எல்லோருடைய வயலுக்கும் ஒரே நேரத்தில் வராது. இன்று இந்தக் கண்டம், நாளைக்கு அடுத்த கண்டம் என்று வட்டவிதானை முறை வைப்பார். வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்ப ஒரு மண்வெட்டி போதும். அதைத் தடுக்க அங்கே மதில் எதுவும் இல்லை. எல்லோரும் மதிக்கும் வரைதான் முறை.

கணினியின் கேர்னலுக்குள் இருக்கும் பூட்டுகளும் இப்படிப்பட்டவையே. பணிசெயல் முறைமையின் நடுவில், நிரல்களுக்கும் வன்பொருளுக்கும் இடையில் நிற்கும் பகுதி கேர்னல். இன்று மலிவான மடிக்கணினிகள் பலவற்றிலும் நான்கு செயலிக் கோர்கள் உண்டு. நான்கும் ஒரே கணத்தில் கேர்னலின் ஒரே பட்டியலைத் திருத்த வரலாம். இரண்டு கோர்கள் ஒன்றாகக் கை வைத்தால் பட்டியல் சிதைந்துவிடும். அதனால்தான் தொடும் முன் பூட்டை எடு, முடிந்ததும் விடு என்று ஓர் ஏற்பாடு. லினக்ஸில் சாதாரண ஸ்பின்லொக் (கிடைக்கும் வரை கோர் சுழன்றபடியே காத்திருக்கும் பூட்டு) ஒன்று நினைவகத்தில் பிடிக்கும் இடம் 4 பைட். அந்த 4 பைட் யாரையும் மறிப்பதில்லை. பூட்டைக் கேட்காமலே பட்டியலைத் திருத்தும் ஒரு நிரல் வந்தால் அதை நிறுத்த வன்பொருளில் எதுவும் கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதிய கோடிக்கணக்கான வரிகள் ஒரே ஒப்பந்தத்தை மதிப்பதால்தான் உங்கள் கணினி காலையில் எழுந்து வேலை செய்கிறது.

மேம்படுத்தல் என்பது அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு ஒரே இரவில் மாறிவிடுவது. மற்றத் தரப்புக்குத் தகவல் போயிராது. உபுண்டு லினக்ஸ் 22.04 இலிருந்து 24.04 க்கு ஏறும் கணினியில் கேர்னல் 5.15 இலிருந்து 6.8 க்குத் தாவுகிறது. நடுவில் பன்னிரண்டு வெளியீடுகள் கடந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். ஆனால் கிராபிக்ஸ் அட்டைக்காரர் எழுதிக் கொடுத்த மொடியூல், பழைய வைஃபை சாதனத்துக்கு யாரோ எழுதிய டிரைவர், உள்ளே ஓடும் மெய்நிகர்க் கணினி எல்லாம் பழைய பழக்கத்திலேயே இருக்கும். ஆகவே மேம்படுத்தலுக்குப் பின் பூட்டுப் பிழை வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த ஒப்பந்தத்தில் மாறியது யார், மாறாமல் நிற்பது யார்?

இதற்கு நல்ல உதாரணம் 2014 இல் நடந்தது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6.6 அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்தது. அதையே அடியொற்றி வந்த சென்டோஸ் 6.6 க்கும் ஏராளமானோர் மாறினார்கள். கொஞ்ச நாளில் சில இடங்களில் ஜாவா நிரல்கள் காரணமே இல்லாமல் உறையத் தொடங்கின. கோர்கள் சும்மா இருந்தன, நினைவகமும் போதுமானதாக இருந்தது, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. நிரல் மட்டும் நகரவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருவர் பிழைதேடும் கருவியை அந்த நிரலில் கொளுவுவார். கொளுவிய கணமே நிரல் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கும். கண்டுபிடிக்கப் போனால் மறைந்துவிடும் பிழையைவிடப் பொல்லாதது கணினித் துறையில் இல்லை.

காரணம் ஃபியூடெக்ஸ் என்ற ஏற்பாட்டில் இருந்தது. நிரல் ஒன்று பூட்டு எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கேர்னலைக் கூப்பிட வேண்டியதில்லை; போட்டி இல்லாதபோது தானே எடுத்துக்கொள்ளலாம், போட்டி வந்தால் மட்டும் கேர்னலிடம் போய்த் தூங்கலாம். 2002 அளவில் லினக்ஸுக்குள் வந்த இந்த யோசனை அருமையானது. 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேர்னல் 3.14 க்காக, இதை இன்னும் வேகமாக்கினார்கள். பூட்டை விடுகிறவர் "யாராவது காத்திருக்கிறார்களா?" என்று எட்டிப் பார்ப்பார், யாரும் இல்லையென்றால் வரிசையின் உட்பூட்டைத் தொடாமலே போய்விடுவார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இன்றைய கோர்கள் தாங்கள் எழுதியதை மற்றக் கோர்களுக்கு உடனே காட்டுவதில்லை. வேகத்துக்காகக் கொஞ்ச நேரம் தங்களிடமே வைத்துக்கொள்ளும். எனவே காத்திருக்கப் போகிறவர் "நான் இருக்கிறேன்" என்று எழுதியதும், அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வரை அடுத்த அடி வைக்கக்கூடாது. இதற்கென்றே நினைவகத் தடுப்பு என்றொரு கட்டளை உண்டு. புதிய நிரலில் இரண்டு கிளைகளில் அந்தத் தடுப்புத் தானாகவே கிடைத்தது. மூன்றாவது கிளையில், ஒரே நிரலுக்குள் பயன்படும் சாதாரணப் பூட்டுகளுக்கான கிளையில், அது விடுபட்டிருந்தது.

விளைவு இது. காத்திருப்பவர் தன் பெயரை எழுதினார். அது இன்னும் அடுத்த கோருக்குத் தெரியவில்லை. விடுகிறவர் எட்டிப் பார்த்தார், யாரையும் காணவில்லை, போய்விட்டார். காத்திருப்பவர் தூங்கினார். எழுப்ப ஒருவரும் இல்லை. பிழைதேடும் கருவியைக் கொளுவும்போது அந்த நிரலுக்கு ஒரு சமிக்ஞை போகிறது. அதனால் காத்திருப்பவர் விழித்து, பூட்டு திறந்திருப்பதைப் பார்த்து, வேலையைத் தொடர்ந்தார். மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கியதன் மர்மம் இவ்வளவுதான்.

திருத்தம் 2014 ஒக்டோபரில் கேர்னல் 3.18 க்காகச் சேர்ந்தது. விடுபட்ட கிளையில் ஒரு தடுப்புக் கட்டளை, அவ்வளவே. ஆனால் புதிய வேகத்தைப் பின்னோக்கி எடுத்துப் பழைய கேர்னலில் ஒட்டியவர்கள் திருத்தத்தை உடனே ஒட்டவில்லை. 2015 மே மாதம் அசூல் நிறுவனத்தின் கில் டெனே இதை எல்லோருக்கும் புரியும்படி எழுதி எச்சரித்த பிறகுதான் பலருக்குத் தங்கள் கணினி ஏன் மாதக் கணக்காக உறைந்துகொண்டிருந்தது என்பது விளங்கியது. அப்போது புதிதாக வந்திருந்த இன்டெலின் ஹாஸ்வெல் சில்லுகளில் இது அதிகமாகத் தலைகாட்டியது. பிழை மென்பொருளில், வெளிக்கொண்டு வந்தது வன்பொருளின் வேகம். பழைய கணினியில் பத்து நாள் ஓட்டிப் பார்த்து "சரிதான்" என்று கையெழுத்துப் போட்டவர் மீது குற்றம் சொல்ல முடியாது.

பூட்டைச் சரிசெய்யப் போய் வேறொன்றை உடைத்த கதையும் உண்டு. உலக நேரத்தோடு சேர்க்கப்படும் லீப் விநாடியைக் கேர்னல் கையாளும் இடத்தில் டெட்லொக் (ஒருவருக்காக ஒருவர் காத்து இருவருமே அசையாமல் நிற்பது) வரும் வாய்ப்பு இருந்தது. 2007 இல் அதைத் தவிர்க்க ஓர் அழைப்பை நீக்கினார்கள். "கடிகாரம் மாறிவிட்டது" என்று துல்லிய நேரங்காட்டிப் பகுதிக்கு அறிவிக்கும் அழைப்பு அது. டெட்லொக் போய்விட்டது. ஆனால் கேர்னலின் இரண்டு பகுதிகளுக்கு இப்போது இரண்டு நேரம். 2012 ஜூலை 1, இலங்கையில் ஞாயிறு அதிகாலை 5.30, நம்மூரில் ஸுபஹ் தொழுது முடித்தவர்கள் வீடு திரும்பியிருக்கும் வேளை. அப்போது அந்த ஆண்டின் லீப் விநாடி செருகப்பட்டது. ஒரு விநாடிக்குள் விழிக்கும்படி கேட்டுத் தூங்கிய நிரல்களைக் கேர்னல் அடுத்த கணமே எழுப்பத் தொடங்கியது. எழும்பிய நிரல் "இன்னும் நேரம் ஆகவில்லையே" என்று மறுபடி தூங்கக் கேட்கும், மறுபடி எழுப்பப்படும். ஜாவாவும் மைஎஸ்கியூஎல்லும் ஓடிய சேவையகங்கள் கோர்களை முழுவதும் தின்றன. ரெடிட், லிங்க்ட்இன் தளங்கள் தடுமாறின. அவுஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகளின் பதிவு முறைமையும் நின்றது. நேரத்தைக் கையால் ஒரு முறை மீண்டும் அமைத்தால் போதும், நோய் தீர்ந்தது. ஐந்து ஆண்டு முன்பு ஒரு பூட்டுக்காக நீக்கிய ஒரு வரியின் விலை அது.

லினக்ஸின் தொடக்கக் காலத்தில் இத்தனை பூட்டுகள் இல்லை. 1996 இல் வந்த 2.0 இல் ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு கோர்தான் கேர்னலுக்குள் இருக்கலாம். வட்டை முழுவதற்கும் ஒரே துருசு வைத்தது போன்ற அந்த ஏற்பாட்டில் சண்டை குறைவு, காத்திருப்பு அதிகம். பிறகு கிளை வாய்க்கால் தோறும் தனித்தனி முறை வந்தது. பெரிய பூட்டு போக மறுத்தது. 2008 மே மாதம் 2.6.26 இன் சோதனைப் பதிப்பில் ஓர் அளவீடு திடீரென 40 சதவீதத்துக்கு மேல் வேகம் இழந்தது. பூட்டுகளின் ஒரு வகையை மத்தியூ வில்கொக்ஸ் எளிமையாகவும் நேர்மையான வரிசையோடும் திருத்தி எழுதியிருந்தார். அந்த நேர்மை பெரிய பூட்டில் நெரிசலை உண்டாக்கிவிட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெரிய பூட்டைப் பழைய சுழல் வகைக்கே திருப்பினார். அதிலிருந்து அதை வேரோடு பிடுங்கும் வேலை மும்முரமாகி, 2011 மே மாதம் 2.6.39 இல் ஆர்ன்ட் பெர்க்மன் கடைசித் துண்டையும் அகற்றினார். பதினைந்து ஆண்டுகள்.

ஒன்று பலவானபோது புதிய ஆபத்து ஒன்று வந்தது. ஒரு கோர் கோப்புப் பூட்டை எடுத்துக்கொண்டு நினைவகப் பூட்டுக்குக் காத்திருக்கிறது. இன்னொரு கோர் நினைவகப் பூட்டை வைத்துக்கொண்டு கோப்புப் பூட்டுக்குக் காத்திருக்கிறது. இனி இருவரும் அசையமாட்டார்கள். டெட்லொக் உண்டாக நான்கு நிபந்தனைகள் ஒருங்கே வேண்டும் என்று 1971 இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் காட்டினார்கள். கேர்னல் எழுதுகிறவரின் கையில் இருப்பது நான்காவதுதான்: வட்டமாகக் காத்திருத்தல். எல்லோரும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுத்தால் வட்டம் உருவாகாது.

அந்த வரிசையைக் காவல் காக்க 2006 இல் இங்கோ மோல்நாரும் ஆர்யன் வான் டி வென்னும் சேர்ந்து எழுதிய லொக்டெப் என்ற கருவி 2.6.18 இல் சேர்ந்தது. கேர்னலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டெட்லொக் நடக்கும் வரை இது காத்திருப்பதில்லை. காலையில் ஒரு நிரல் முதல் பூட்டை எடுத்து இரண்டாவதை எடுத்ததைக் குறித்து வைத்துக்கொள்ளும். மாலையில் வேறொரு நிரல் இரண்டாவதை எடுத்து முதலாவதை எடுத்தால், அந்த இரண்டும் ஒருபோதும் ஒன்றாகச் சந்தித்திராவிட்டாலும், "இங்கே வட்டம் உருவாகலாம்" என்று எச்சரிக்கும். நடந்த விபத்துகளிலிருந்து அல்ல, நடக்கக்கூடிய விபத்துகளிலிருந்து பாடம் படிக்கும் கருவி. இது கேர்னலை மெதுவாக்கும் என்பதால் நாம் சாதாரணமாக நிறுவும் உபுண்டுவில் இருக்காது. சோதனைக் கேர்னல்களில் இருக்கும். மூலநிரல் காட்டாத தனியுரிம மொடியூல் ஒன்று ஏறிய கணமே இது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அப்படி அணைத்ததைப் பதிவில் ஒரு வரியாக எழுதியும் வைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத ஒருவர் உள்ளே வந்தபின் தன் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று அது ஒத்துக்கொள்கிறது.

இனி, உங்கள் கணினியே மேம்படுத்தலுக்குப் பின் நின்றுவிட்டது என்று வைப்போம். பஸாரில் பில் போடும் கணினியாக இருந்தால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார். முதலில் கடை நடக்க வேண்டும். கணினியை மீண்டும் தொடக்கி, தொடக்கப் பட்டியலின் மேலதிகத் தெரிவுகளில் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். உபுண்டு பழையதை உடனே அழிப்பதில்லை. பழையதில் ஓடினால் ஒரு பெரிய உண்மை கையில் கிடைத்துவிட்டது: வன்பொருள் பெரும்பாலும் நலம், மாறியது கேர்னல். பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது வருத்தமான விடயம். பழைய கேர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒரு நாள் நிற்கும், அந்தக் கணினி திறந்த கதவாகிவிடும்.

அடுத்தது, நின்றுபோன அந்த ஓட்டத்தின் கேர்னல் பதிவை வாசிப்பது. செய்தி எந்த வகை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு கோர் 22 விநாடியாகச் சிக்கியிருக்கிறது என்ற சொஃப்ட் லொக்கப் செய்தி, அந்தக் கோர் கேர்னலுக்குள்ளேயே சுழன்றுகொண்டு வேறு யாருக்கும் இடம் விடவில்லை என்கிறது. எல்லை 20 விநாடி, சரிபார்ப்பு 4 விநாடிக்கு ஒரு முறை என்பதால்தான் இருபதைத் தாண்டிய எண் வருகிறது. ஒரு செயல்முறை 120 விநாடிக்கு மேல் முடங்கியிருக்கிறது என்ற செய்தி வேறு கதை: அது சுழலவில்லை, தூங்குகிறது, எழுப்புகிறவர் வரவில்லை. இந்தச் செய்தியைக் கண்டதும் பூட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் வன்தட்டு விடை தராவிட்டாலும் இதுவே வரும். கடற்கரையூர்களின் உப்புக்காற்றில் கேபிள் முனைகள் துருப்பிடிக்கும் கணினிகளில் முதலில் வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவது வகை, தூங்கக்கூடாத இடத்தில் தூங்கினாய் என்ற குற்றச்சாட்டு. ஸ்பின்லொக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போனால் அதற்குக் காத்திருக்கும் மற்றக் கோர்கள் எல்லாம் சுழன்று நிற்கும். இது பெரும்பாலும் பழைய பழக்கத்தில் எழுதிய டிரைவரின் கைவேலை.

கேர்னலோடு சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேம்படுத்தல் நடுவில் "பூட்டைப் பெற முடியவில்லை" என்று பொதி நிறுவி சொன்னால் அது வெறும் கோப்புப் பூட்டு. பின்னணியில் வேறொரு தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தொடரச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். இரண்டு நிறுவிகள் ஒரே தரவுத்தளத்தில் எழுதினால் பாதி நிறுவிய முறைமை மிஞ்சும். பின்னணிப் புதுப்பிப்பு முடியும் வரை காத்திருங்கள்.

மீண்டும் கேர்னல் பதிவுக்கு வருவோம். அதில் அழைப்புச் சங்கிலி ஒன்று இருக்கும். அதைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடியில் இருப்பது முதலில் அழைத்தவர், உச்சியில் இருப்பது சிக்கிய இடம். கேள்விக்குறி போட்ட வரிகள் உறுதியற்றவை, தாண்டிப் போகலாம். சங்கிலியில் சதுர அடைப்புக்குள் ஒரு மொடியூலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே முதல் சந்தேகநபர். மேலே "டெயின்டட்" என்ற சொல்லோடு பி, ஓ என்ற எழுத்துகள் இருந்தால் தனியுரிம மொடியூலும், கேர்னலுக்கு வெளியே கட்டிய மொடியூலும் உள்ளே இருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிழை போய்விட்டால் கேர்னல்காரர்களிடம் அல்ல, அந்த மொடியூல்காரரிடம் போக வேண்டும். புதிய கேர்னலுக்கேற்ற பதிப்பு பெரும்பாலும் ஏற்கனவே வந்திருக்கும்.

மெய்நிகர்க் கணினிக்குள் சொஃப்ட் லொக்கப் வந்தால் விருந்தாளியான அதை விட்டுவிட்டு, அதை ஓட்டும் வீட்டுக்காரரான அடிக் கணினியைப் பாருங்கள். 2008 இல் வந்த 2.6.25 இல் நிக் பிகின் ஸ்பின்லொக்குக்கு இலக்கச் சீட்டு முறை கொண்டுவந்தார். வந்த வரிசைப்படியே பூட்டு. உண்மையான கோர்களில் இது நியாயமாக இருந்தது. மெய்நிகர்க் கோரில் நிலைமை வேறாக இருந்தது. அடுத்த சீட்டை வைத்திருக்கும் கோரையே அடியில் இருக்கும் கணினி இறக்கி வைத்திருக்கலாம். பூட்டு திறந்தே கிடக்க, அதற்குப் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் சும்மா சுழல்வார்கள். இதற்கு, மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் கேவிஎம் தளத்தில் தீர்வு எழுதியவர்களில் ஐ.பி.எம். இந்தியாவின் ஸ்ரீவத்ஸ வத்தகிரி, சுசூக்கி பவுலோஸ், ராகவேந்திரா ஆகியோர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் சுழன்றபின் காத்திருப்பவர் தன்னை நிறுத்தி வைக்கும்படி அடிக் கணினியிடம் சொல்வார். பூட்டை விடுகிறவர் அடுத்த சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பச் சொல்வார். 2013 இல் 3.12 இல் இது சேர்ந்தது. அதற்கும் முன்பு, வாசிப்பவர்கள் பூட்டே எடுக்கத் தேவையில்லாத ஆர்.சி.யு. என்ற முறையை 2002 இல் லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் போல் மெக்கெனியோடு பெங்களூரின் திபங்கர் சர்மாவுக்கும் பெரிய பங்கு உண்டு. பக்கத்து நாட்டுக்காரர்கள், உலகெங்கும் லினக்ஸ் ஓடும் கணினிகளின் நடுவில் இருக்கும் பூட்டுகளை எழுதியிருக்கிறார்கள். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் இதை எட்டாத உயரம் என்று நினைக்கவே கூடாது.

அவர்களுக்கு நான் காட்டும் வாசல், பிழை புகுந்த மாற்றத்தைத் தேடிப் பிடிப்பது. வெளி மொடியூல் எதுவும் இல்லை, வன்தட்டு நலம், மெய்நிகர்க் கணினியும் இல்லை, ஆனாலும் புதிய கேர்னல் உறைகிறது. அப்படியானால் நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் எங்கோ ஒரு மாற்றத்தில் பிழை புகுந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் 14,000 மாற்றங்கள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நடுவில் ஒன்றைக் கட்டி ஓட்டுங்கள். நல்லதா கெட்டதா என்று குறியுங்கள். மீதிப் பாதியில் மறுபடி நடுவைப் பிடியுங்கள். 14 தடவையில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். கிட் என்ற கருவி நடுவைத் தானே கணக்கிட்டுத் தரும். இதற்குப் பெரிய கேர்னல் அறிவு தேவையில்லை. பொறுமையும், ஒவ்வொரு முறையும் பிழையை நிச்சயமாக வரவழைக்கும் ஒரு சோதனையும் இருந்தால் போதும். பிழை எப்போதாவது மட்டும் வருமானால் ஒவ்வொரு கட்டத்திலும் நீண்ட நேரம் ஓட்ட வேண்டும். ஒரு கெட்டதை நல்லது என்று தவறாகக் குறித்தால் தேடல் முழுவதும் வேறு பாதியில் போய் நிற்கும்.

மிஞ்சிய மாற்றத்தின் அடியில் எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். அவருக்கும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கும் எழுதுங்கள்: எந்தப் பதிப்பில் ஓடியது, எதில் நின்றது, தேடலில் மிஞ்சிய மாற்றம் எது, முழுமையான பதிவு, கணினியின் விவரம். பதிவை வெட்டிச் சுருக்காதீர்கள். நமக்குக் குப்பையாகத் தெரியும் வரி அவருக்கு விடையாக இருக்கலாம். முன்பு ஓடியதை உடைக்கக்கூடாது என்பது கேர்னல் உலகில் கண்டிப்பான விதி. அதனால் இப்படி வரும் அறிக்கையைப் பராமரிப்பாளர்கள் அலட்சியப்படுத்துவது அரிது. திருத்தம் முதலில் புதிய கேர்னலில் சேரும். பிறகு நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து உபுண்டுவின் வழமையான புதுப்பிப்பில் வரும். அந்தப் புதுப்பிப்பை ஏற்றிவிட்டுப் பழைய கேர்னலில் நிறுத்தி வைத்த பில் கணினியைப் புதியதில் தொடக்குங்கள். ஓரிரு நாள் பதிவைக் கவனித்துவிட்டு, திருத்தம் வேலை செய்ததா என்று எழுதியவருக்குப் பதில் அனுப்பிவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள், பராமரிப்பாளரோ அதற்காகக் காத்திருக்கிறார்.